1.8 டர்போ ஆக்டேவியா: மூன்றாவது பிஸ்டன் உடைந்துவிட்டது, உள்ளே எதைப் போடுவது?

மர்ஃபி டவுன் ஆக்டேவியா:
வணக்கம். அப்பா ஆசையாக வாங்கிய 2005 ஆக்டேவியா ஆர்எஸ். அவருக்குப் பிறகு மகள் நான் ஓட்டுகிறேன். பெங்களூரு மர்ஃபி டவுனிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு தினமும் போய்வர இந்த வண்டிதான். போன மாதம் கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பும்போது ஏற்றத்தில் சட்டென்று இழுவை போனது, கண்ணாடியில் பார்த்தால் நீலப் புகை. கம்ப்ரெஷன் மற்ற மூன்றிலும் 150 பிஎஸ்ஐ பக்கம், மூன்றாவதில் 60. பிரித்துப் பார்த்தோம். மூன்றாவது பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் வரம்பு, கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயர்ந்து வந்திருக்கிறது. சிலிண்டர் சுவரில் ஒரு கீறல், விரல் நகம் வைத்தால் மாட்டுகிறது.

இரண்டு வருடம் முன்பு ரீமேப் செய்தோம், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர் கணக்கை மாற்றி டர்போ அழுத்தத்தைக் கூட்டினோம். மெக்கானிக் சொல்வது: ஃபோர்ஜ்டு (அழுத்தி அடித்து உருவாக்கிய) பிஸ்டன், ஃபோர்ஜ்டு ராடு (பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் தண்டு), கேம்ஷாஃப்ட், பெரிய வால்வு எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். எனக்கு ரேஸ் வேண்டாம். 190, 200 குதிரைசக்தி போதும், பத்து வருடம் ஓட வேண்டும். எதை வாங்குவது, எதை விடுவது?

ஓசூர் ரோடு டர்போ:
அக்கா, கேம், வால்வு இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தச் சின்ன டர்போவை வைத்துக்கொண்டு அதில் ஒரு பலனும் கிடைக்காது. ராடு மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். இந்த எஞ்சினில் பலவீனமான இடம் அதுதான். ராடை வளைப்பது குதிரைசக்தி இல்லை, டார்க் (முறுக்குவிசை). சின்ன டர்போ 2500, 3000 ஆர்பிஎம்மிலேயே முழு அழுத்தம் கொடுத்துவிடும், அங்கேதான் ராடு அடி வாங்கும். எச் பீம் (எச் வடிவக் குறுக்குவெட்டு) ஃபோர்ஜ்டு ராடு, ஏஆர்பி 2000 என்ற உறுதியான போல்ட் போதும்.

பீன்யா போரிங்:
தங்கச்சி, எதையும் ஆர்டர் போடாதீர்கள். முதலில் அது ஏன் உடைந்தது என்று தெரிய வேண்டும். நாலில் ஒன்றுதான் உடைந்திருக்கிறது. பிஸ்டனின் தரம் காரணம் என்றால் மற்ற மூன்றும் அதே பிஸ்டன்தானே? ரிங் வரம்பு உடைவது பெரும்பாலும் டெட்டனேஷனால்தான், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் சீராக எரியாமல் வெடித்து அடிப்பதால். காரணத்தை அப்படியே விட்டுவிட்டு ஃபோர்ஜ்டு போட்டால் அது கொஞ்ச நாள் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது பிளக்கை வெயிலில் பிடித்துப் பாருங்கள். பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவினது மாதிரி புள்ளி தெரிந்தால், அது பிஸ்டன் அலுமினியம். நாலு இன்ஜெக்டரையும் ஜே.சி. ரோட்டில் கொடுத்து அளவு பார்க்கச் சொல்லுங்கள். பிளாக்கில் அடியிலிருந்து பிஸ்டனுக்கு ஆயில் பீய்ச்சும் ஜெட் இருக்கிறது, மூன்றாவது அடைத்திருக்கிறதா பாருங்கள். டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரைக் கவிழ்த்துப் பாருங்கள், ஆயில் கொட்டினால் அந்த ஆவியும் பெட்ரோலின் ஆக்டேனைக் கெடுத்திருக்கும். முக்கியமாக, உடைந்த துண்டு எக்ஸாஸ்ட் வழியாகத்தான் போயிருக்கும். டர்போவின் சூடான பக்கத்து பிளேடுகளை டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அப்புறம், பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின்னை அளவெடுங்கள். இந்த எஞ்சின் குடும்பத்தில் 19 மி.மீ. பின்னும் உண்டு, 20 மி.மீ. பின்னும் உண்டு. பார்சல் பிரித்த பிறகு ராடு ஒன்று, பிஸ்டன் ஒன்று என்று கையைப் பிசைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மர்ஃபி டவுன் ஆக்டேவியா:
அண்ணா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். பிளக்கில் புள்ளிகள் இருக்கின்றன, லென்ஸ் வைத்தால் மினுக்குகிறது. இன்ஜெக்டர் சோதனையில் மூன்று கண்ணாடிக் குழாய்கள் ஒரே மட்டத்தில் நின்றன, மூன்றாவது மட்டும் விரற்கடை கீழே. சுத்தம் செய்தும் ஏறவில்லை. ஆயில் ஜெட் நன்றாக இருக்கிறது. டர்போ பிளேடு இரண்டின் நுனி மடங்கியிருக்கிறது. பின் வெர்னியரில் 19.0. மெக்கானிக் விலை சொன்ன ராடு செட் 20. அப்பாவின் வண்டி என்பதால் எல்லாவற்றிலும் உயர்ந்ததே போட்டுவிடலாம் என்றிருந்தேன். பிஸ்டன் எது?

பீன்யா போரிங்:
காரணம் கிடைத்துவிட்டது. மூன்றாவதுக்குப் பெட்ரோல் குறைந்திருக்கிறது, ரீமேப் அழுத்தம், ஏற்றம், மூன்றும் சேர்ந்து அடித்துவிட்டது. இன்ஜெக்டர் நாலும் புதிது போடுங்கள். மடங்கிய பிளேடோடு அந்த டர்போவை ஓட்டாதீர்கள், சமநிலை போய்விட்டது.

பிஸ்டனில் ஃபோர்ஜ்டு என்ற ஒரே சொல்லில் இரண்டு உலோகம் இருக்கிறது. 2618 அலாய் அடியைத் தாங்கும், ஆனால் சிலிக்கான் மிகக் குறைவு, சூட்டில் அதிகம் விரியும். அதனால் சுவரோடு இடைவெளி கூடுதலாக விட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்தால் சூடாகும்வரை டக டக என்று கேட்கும். 4032இல் சிலிக்கான் 12 சதவீதம் அளவுக்கு இருக்கிறது, விரிவு குறைவு, இடைவெளியும் குறைவு. தினம் இரண்டு முறை குளிர்ந்து சூடாகிற வண்டிக்கு, 200 குதிரைசக்திக்கு, நான் 4032தான் போடுவேன். அந்தக் கீறலுக்கு 81.5 மி.மீ. வரை போர் செய்ய (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்க) வேண்டியிருக்கும். பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் பிளாக்கில் கை வைக்க வேண்டும். ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கான சிலிண்டரை அதற்கேற்ப ஹோன் செய்ய (சுவரைக் கல்லால் தேய்த்து நேர்த்தியாக்க) வேண்டும். டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாக இறுக்கும் கனத்த தகடு) மாட்டி ஹோன் செய்கிற இடமாகப் பாருங்கள். ஹெட் போல்ட் இறுக்கும்போது சிலிண்டர் கொஞ்சம் நெளியும், அந்த நெளிவோடுதான் அது உருண்டையாக இருக்க வேண்டும்.

ஓசூர் ரோடு டர்போ:
ரிங் இடைவெளியையும் சொல்லுங்கள் அண்ணா. பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டிவிடுகிறார்கள்.

பீன்யா போரிங்:
ஆமாம், நல்லவேளை கேட்டீர்கள் தம்பி. டர்போவில் மேல் ரிங் நன்றாகச் சூடாகும். இரண்டு நுனியும் முட்டிக்கொண்டால் ரிங் சுவரில் இறுகும், மறுபடி அதே வரம்புதான் பெயரும். பிஸ்டனோடு வருகிற தாளில் உள்ள அளவுதான் கணக்கு. பொதுவாக 81.5 போருக்கு 0.37 முதல் 0.40 மி.மீ. வரும். ரிங்கை அந்தந்த சிலிண்டருக்குள் நேராக இறக்கி, ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்து, அரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். கூடிப்போனால் துளி ஆயில் குடிக்கும், குறைந்தால் எஞ்சினே போகும்.

கிராங்க் மாற்ற வேண்டாம், அளந்து பாலிஷ் போதும். ராடு பேரிங் இடைவெளி ஜர்னல் (ராடு உட்காரும் கிராங்க் பகுதி) விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, உங்களுக்கு 0.05 மி.மீ. பக்கம் வரும். கேம், வால்வுக்கு வைத்திருந்த காசில் ஆயில் பம்ப், சம்ப்பில் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இருக்கிற பிக்கப் வலை, ஆயில் கூலர் புதிது போடுங்கள். இந்த எஞ்சினில் கசடு பிடித்து அந்த வலை அடைப்பது பழைய கதை. ஆயில் கூலருக்குள் நிற்கிற உலோகத் தூளை எத்தனை கழுவினாலும் முழுசாக எடுக்க முடியாது.

மர்ஃபி டவுன் ஆக்டேவியா:
இன்று ஆர்டர் போட்டுவிட்டேன். 4032 பிஸ்டன் 81.5, ராடு 144 மி.மீ. நீளம், 19 பின். ஆயில் ஜெட்டில் இடிக்காது என்று விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொண்டேன். மெக்கானிக் முதலில் முகம் சுளித்தார், இன்ஜெக்டர் குழாய்களின் படத்தைக் காட்டியதும் அமைதியாகிவிட்டார். பிளாக்கை நானே பீன்யாவுக்கு எடுத்து வருகிறேன் அண்ணா, ஹோன் செய்யும்போது பக்கத்தில் நிற்க விடுவீர்களா?

பீன்யா போரிங்:
தாராளமாக வாங்க தங்கச்சி. பிஸ்டன் தாளை மறக்காமல் எடுத்து வாங்க.