உதவி: ஐரிஷ் அகராதியில் ‘ஔலீ’ கிடைக்கவில்லை

கேள்வி:
வணக்கம். மூன்று மாதமாக ஐரிஷ் படிக்கிறேன். பாட ஒலிப்பதிவில் ‘லொங் அன் ஔலீ’ என்று வருகிறது. ‘கொள்ளையனின் கப்பல்’ என்று பொருள் கொடுத்திருக்கிறார்கள். ‘லொங்’ கப்பல், சரி. ‘ஔலீ’யை எந்த உயிரெழுத்தில் தேடியும் அகப்படவில்லை. இரண்டு வரி தள்ளி ‘வௌலிஹ’ என்று வேறொன்று. அதுவும் இல்லை. எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1:
‘எஃப்’ எழுத்தில் தேடுங்கள். மூலச்சொல் ‘ஃபௌலீ’. நமக்கு வேற்றுமை வந்தால் சொல்லின் வால் மாறும். ஐரிஷில் தலையும் மாறும். இது ஆண்பால் பெயர், பெயர்கள் உருமாறும் முறையில் நான்காம் வகை. ‘கொள்ளையனின்’ என்னும்போது வால் அப்படியே இருக்கும். முதல் எஃப்-ஐ அடுத்து ஓர் எச் சேரும், எஃப் ஓசை அடியோடு போய்விடும். அதுதான் உங்கள் ‘ஔலீ’. பன்மை ‘ஃபௌலிஹ’. ‘கொள்ளையர்களின்’ என்றால் எஃப்-க்கு முன்னால் ‘பிஎச்’ (bh) ஒட்டி, ஓசை ‘வ’ ஆகும். இரண்டிலும் எழுத்தில் எஃப் நிற்கும், புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

பிறப்பு எளிது: ‘ஃபௌல்’ என்றால் கொள்ளை, சூறையாடல். அதோடு ‘-ஈ’ விகுதி, நம்முடைய ‘-காரன்’ மாதிரி. ‘ஷ்கேல்’ கதை, ‘ஷ்கேலீ’ கதைசொல்லி. ‘ஃபௌலீ மரா’ என்றால் கடற்கொள்ளையன்.

மறுமொழி 2:
அதே விகுதியில் ‘தோரீ’யும் உண்டு. ‘தோர்’ துரத்தல். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரிடம் நிலத்தை இழந்து, காட்டிலும் சதுப்பிலும் ஒளிந்து வழிப்பறி செய்த ஐரிஷ்காரர்களை அப்படி அழைத்தார்கள். 1681இல் கொல்லப்பட்ட ரெட்மண்ட் ஓ’ஹேன்லன் அவர்களில் ஒருவர். பறிகொடுத்தவனுக்கே கொள்ளையன் பட்டம் விழுந்தது இன்றும் என்னை உறுத்துகிறது. 1679–81இல் கத்தோலிக்கரான யார்க் கோமகன் ஜேம்ஸ் அரசராகக் கூடாது என்று லண்டனில் சண்டை நடந்தபோது, அவர் பக்கம் நின்றவர்களை எதிரிகள் இந்தச் சொல்லால் ஏசினார்கள். பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ‘டோரி’ என்ற பெயர் இப்படி வந்ததுதான். அயர்லாந்தின் டனிகால் கரைக்கு அப்பால் உள்ள டோரி தீவு வேறு. அதன் ஐரிஷ் பெயரில் ‘ஒ’ குறில்.

கேட்டவர்:
கிடைத்துவிட்டது, மிக்க நன்றி! ஆனால் என்னிடம் உள்ள பழைய புத்தகத்தில் சொல்லின் கடைசி வேறு மாதிரி, நீளமாக இருக்கிறதே?

மறுமொழி 1:
அது எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பதிப்பு. ‘ஏ-ஐ-டி-எச்-இ’ என்று முடிந்தால் ‘ஏ-ஐ’ ஆக்கி, ஐ மேல் கோடு போட்டுத் தேடுங்கள்.