சைட்-பை-சைட் வண்டிக்கு ரப்பர் ட்ராக் பூட்டலாமா?

மேப்பிள்தோப்பு:
வணக்கம் உறவுகளே. ஒன்ராறியோவில், பீட்டர்பரோவுக்கு வடக்கே எங்களுக்கு ஒரு சிறிய மேப்பிள் தோப்பு உண்டு. மார்ச் மாதத்தில் சாறு சேகரிக்கும்போது, காலையில் இறுகிக் கிடந்த பனி மத்தியானத்தில் இளகிவிடுவதால், சாற்றுத் தாங்கியோடு திரும்பும் எங்கள் சைட்-பை-சைட் வண்டி (இருவர் பக்கம் பக்கமாக அமர்ந்து ஓட்டும் சிறிய காட்டு வண்டி) அச்சு வரை புதைந்துவிடுகிறது. நான்கு சில்லுகளையும் கழற்றிவிட்டு, அவற்றின் இடத்தில் ட்ராக் (சுற்றி ஓடும் அகலமான ரப்பர்ப் பட்டை) பூட்ட எண்ணுகிறேன். இதனால் வண்டிக்குக் கேடு வருமா? அக்கரையில் கிடக்கும் விறகை உறைந்த ஏரியின் மேலாக ஏற்றி வரலாமா?

பனிச்சில்லு:
வணக்கம். புதையாமல் ஓடுவதுதான் தேவை என்றால் ட்ராக் அதைத் தீர்த்துவைக்கும். பாரத்தோடு வண்டி 2,500 இறாத்தல் என்றும், ஒவ்வொரு ட்ராக்கும் 12 அங்குல அகலத்திலும் 40 அங்குல நீளத்திலும் நிலத்தில் படிகிறது என்றும் வைத்துக்கொண்டால், ஒரு சதுர அங்குலத்தில் விழுவது ஏறக்குறைய 1.3 இறாத்தல்தான், நிற்கும் மனிதரின் சப்பாத்தே அதைவிடக் கூடுதலாக அழுத்தும். கியூபெக்கின் வால்கூர் ஊர்க்காரரான ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே பற்சில்லால் ரப்பர்ப் பட்டையை இழுக்கும் தமது முறைக்கு 1937இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார் என்பதால், இது ஒன்றும் புதுப் பரிசோதனை அல்ல.

ஆனால் நிலத்துக்குக் குறையும் சுமை வண்டியின் உறுப்புகளுக்குக் கூடுகிறது. பற்சில்லு ரயரைவிடச் சிறியதாகையால் வேகம் நன்றாகவே குறையும். கனத்த ரப்பரை ஓயாமல் வளைத்து இழுக்க வேண்டியிருப்பதால் எஞ்சினுக்கும் வேலை அதிகம். உயர் கியரில் பாரம் இழுத்தால் எஞ்சினின் விசையைக் கடத்தும் பெல்ட் சூடேறிக் கருகும், ஆகவே 'லோ'விலேயே ஓட்டுங்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டிக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். பூட்டிய பின்னர், ட்ராக் முழுவதுமாகச் சுழன்றுவிடாமல் பிடித்து நிறுத்தும் தண்டின் நீளத்தையும் முன்பக்க அலைன்மென்டையும் சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ட்ராக்கின் மூக்கு பனிக்குள் குத்தும், ரப்பரும் ஒரு பக்கமாகத் தேயும்.

திருகாணி:
ஏரி யோசனையைக் கைவிடுங்கள். சேறு பார்ப்பது ஒரு சதுர அங்குலத்தின் அழுத்தத்தை; ஏரியின் பனிக்கட்டி பார்ப்பதோ மொத்தப் பாரத்தை. ட்ராக் அந்தப் பாரத்தைச் சில நூறு இறாத்தல் கூட்டுகிறதே தவிரக் குறைப்பதில்லை. மார்ச் மாதத்துப் பனிக்கட்டி தடிப்பாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் உளுத்திருக்கும்.

இன்னொன்று, மாலையில் வேலை முடிந்ததும் ட்ராக்கின் உள்ளிருக்கும் உருளைகளுக்கிடையில் அடைந்த சேற்றையும் பனியையும் சுரண்டிவிட்டு, வண்டியைப் பலகைகளின் மேல் நிறுத்துங்கள். இரவில் நிலத்தோடு உறைந்துவிட்ட ட்ராக்கைக் காலையில் எஞ்சின் பலத்தால் பிடுங்க முயன்றால், முதலில் முறிவது அச்சின் மூட்டுத்தான். பனி போனதும் ட்ராக்கைக் கழற்றிவிட்டுச் சில்லுகளைத் திரும்பப் பூட்டிவிடுங்கள். காய்ந்த சரளைக் கல் ரப்பரைத் தின்றுவிடும்.

மேப்பிள்தோப்பு:
இருவருக்கும் நன்றி. விறகைக் காட்டுப் பாதையாலேயே கொண்டு வருகிறேன். பாவித்த ட்ராக் தொகுதி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

பனிச்சில்லு:
ஒவ்வொரு உருளையையும் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரத்தால் பெயரிங் போய்விட்டது. ரப்பரின் உட்பற்கள் மழுங்கியிருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பூட்டும் தாங்கிகள் வண்டிக்கு வண்டி வேறுபடும் என்பதால், உங்கள் மொடலுக்கு உரியவற்றின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.