1815இல் சண்டையில்லை, 1818இல் ஏன் இவ்வளவு இரத்தம்?

வெள்ளவத்தை வாசகி:
உயர்தரப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வேண்டும். 1815 ஜனவரியில் கண்டி மீது ஆங்கிலேயரின் போர்ப் பிரகடனம், பெப்ரவரி 18 மெதமகநுவரவில் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டான், மார்ச் 2 கண்டி ஒப்பந்தம். இரண்டு மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு 1817-18 கிளர்ச்சியில் ஊவாப் பகுதி ஏன் பற்றி எரிந்தது? நெல்வரி என்று எழுதினால் போதுமா? அரசனை அடைத்தது கொழும்புக் கோட்டையில் இருக்கிற அந்தச் சின்ன அறையிலா?

பழைய ஏடு:
நெல்வரி என்றால் புள்ளி போகும். 1/10 வரி 1818 நவம்பர் 21 பிரகடனத்தில்தான் வருகிறது (விசுவாசமான பகுதிகளுக்கு 1/14). அது கிளர்ச்சிக்குப் பிறகு விழுந்த அடி.

ஒப்பந்தத்தின் 12 வாசகங்களையும் ஒருக்கால் வாசியுங்கள். 2ஆவது அரசனை நீக்குகிறது. 3ஆவது, அவனுடைய உறவுக்கார ஆண்களும் வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்களும், அதாவது எங்கட தமிழ் ஆட்கள், கண்டிக்குள் வரக்கூடாது என்கிறது. 4ஆவதுதான் முக்கியம்: அதிகார் (அரசனின் முதன்மை அமைச்சர்), திசாவைமாரின் (மாகாணத் தலைவர்கள்) உரிமைகள் அப்படியே இருக்கும். அதை நம்பித்தான் பிரதானிகள் ஒப்பம் வைத்தார்கள். பிரதானி எகலப்பொலைக்கோ சிம்மாசனத்திலேயே கண். கடைசியில் ஆங்கிலேய அதிகாரி டொயிலி வதிவிடப் பிரதிநிதியாக வந்து உட்கார, சாதாரண வெள்ளைச் சிப்பாய்கூட திசாவைக்கு மரியாதை கொடுக்கவில்லை.

1817இல் கிளர்ச்சிக்காரர் முன்னிறுத்திய வில்பாவே ஒரு முன்னாள் பிக்கு. தன்னை அரசனின் நாயக்கர் வம்ச உறவான துரைச்சாமி என்றார். துரத்திய வம்சத்தின் பெயர் இல்லாமல் ஆள் சேர்க்க முடியவில்லை, பாருங்கள்!

மருதானை நிசாம்:
முஸ்லிம் தலைவர் ஹாஜி மரைக்காரை விட்டுவிட்டீர்களே. வெல்லஸ்ஸ முஸ்லிம்களின் தவளப் (பொதிமாட்டு) போக்குவரத்து திசாவையின் கையில் இருந்தது. ஆங்கிலேயர் மரைக்காரைத் தனி முகாந்திரமாக்கியதும் (உள்ளூர்த் தலைமை அதிகாரி) திசாவையின் பிடி போனது. அவரைக் கிளர்ச்சிக்காரர் பிடித்துக் கொன்றார்கள். விசாரிக்கப் போன பதுளை ஆங்கிலேய அதிகாரி வில்சனும் 1817 செப்டெம்பரில் அம்புபட்டுச் செத்தார். அடக்க அனுப்பிய ஊவா திசாவை கெப்பெட்டிபொல அரசாங்கத்தின் துவக்குகளைத் திருப்பி அனுப்பிவிட்டு அந்தப்பக்கம் சேர்ந்தார்.

அடக்கிய விதத்தையும் எழுதச் சொல்லுங்கள். காட்டுக்குள் ஆளைப் பிடிக்க முடியாது, ஆகவே சாப்பாட்டில் கைவைத்தார்கள்: வீடு, விளைந்த வயல், நெற்களஞ்சியம் எல்லாவற்றுக்கும் தீ, மாடுகள் பறிமுதல், பழமரங்களுக்குக் கோடரி. வெள்ளைப்படையையும் சண்டையைவிடக் காய்ச்சலே அதிகம் கொன்றது. கெப்பெட்டிபொலையும் கிளர்ச்சியில் சேர்ந்த இன்னொரு பிரதானி மடுகல்லையும் 1818 நவம்பரில் சிரச்சேதம். துரைச்சாமி பொய்யன் என்று தெரிந்ததும் அவரைத் தொழுமரத்தில் (கால் பூட்டும் மரச்சட்டம்) மாட்டியது அதே மடுகல்லதான்.

கொட்டாஞ்சேனை கபிலன்:
அறை விஷயம்: ஜனாதிபதி மாவத்தையில் ஒரு பெரிய கட்டடத்து வளவுக்குள் இருக்கிற குவிமாடக் கூடு அது. பலகையில் அரசன் பெயர் உண்டு. ஆனால் அரசிகளோடும் பரிவாரத்தோடும் 1815 மார்ச்சிலிருந்து 1816 ஜனவரியில் கப்பலேறும்வரை பத்து மாதம் அதற்குள் எப்படி? அவனைக் கோட்டையில் ஒரு வீட்டில், நல்ல வசதியோடு வைத்திருந்ததாகவே அக்கால ஆங்கிலேயர் எழுதியிருக்கிறார்கள். கூடு ஒல்லாந்தர் காலக் காவற்கூடம் மாதிரித்தான் தெரிகிறது. வேலூருக்குப் போய் அங்கேயே 1832இல் இறந்தான்.