புதுப்பிப்பு: அப்பாவின் கேசட்டில் மட்டும் பாட்டு வேகமாக ஒலித்தது ஏன்?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அப்பா சேலத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கிய கேசட்டில் ‘மாசிலா உண்மைக் காதலே’ பாட்டு வேகமாக, சுருதி அரைக்கட்டை ஏறி ஒலிக்கிறது, இது வேறு பதிவா என்று கேட்டிருந்தேன்.

வேறு பதிவு இல்லை. அதே ஏ.எம்.ராஜா, பானுமதிதான். பிளேயரின் பெல்ட்டை மாற்றச் சொன்னவர்கள் மன்னிக்கவும், மாற்றியும் பலனில்லை. கடையில் வாங்கிய கேசட் ஒன்றை அதே பிளேயரில் போட்டுப் பாருங்கள் என்ற யோசனைதான் விடை தந்தது. அது சரியாக ஓடியது. அப்படியென்றால் பதிந்த மெஷின்தான் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு முந்தும். நிமிடத்துக்கு மூன்றரை விநாடி முந்தியது.

கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேகத்தைச் சுமார் 5.6 சதவீதம் குறைத்தேன். டெம்போவை மட்டும் குறைக்காதீர்கள், சுருதி இறங்காது.

எதிர்பாராதது: பி பக்கம் முழுக்கச் சரியான வேகம். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

ராஜாவின் குரலில் ஒரு தயக்கம் இருக்குமே, வரியின் கடைசியில் மெல்லக் கரைவது? வேகத்தில் அது செத்துப்போயிருந்தது. இப்போது திரும்பி வந்துவிட்டது. 1956-இல் நம்மூர் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படத்தின் பாட்டு. அதைச் சரியான சுருதியில்தான் கேட்க வேண்டும். அப்பா மூன்று முறை போடச் சொன்னார்.