வாலிபர் சபையில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு என்ன வேலை?

அஸ்தம்பட்டி அம்மா:
சேலத்தில் எங்கள் சபை வாலிபரை மனதில் வைத்தே நடக்கிறது. எனக்கு 61 வயது. ரொம்ப காலம் ஞாயிறு பள்ளி எடுத்தேன். போன வருஷம், "பிள்ளைகளுக்கு இளவயசு டீச்சர் இருந்தால் நல்லது, நீங்கள் ஜெபத்தில் தாங்குங்கள் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டார்கள். ஜெபம் சின்ன காரியம் இல்லைதான். லூக்கா சுவிசேஷம் 2-இல் வரும் அன்னாள் 84 வயதில் இரவும் பகலும் ஜெபித்தாள். ஆனால் குழந்தை இயேசுவைக் கண்டதும், மீட்புக்குக் காத்திருந்த எல்லாரிடமும் அவரைப் பற்றிப் பேசினாளே! அந்தப் பாதியை ஏன் எங்களிடமிருந்து எடுத்துவிடுகிறீர்கள்?

கிச்சிப்பாளையம் தம்பி:
வருத்தம் புரிகிறது அம்மா, ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பன்னிரண்டாவது முடித்ததும் எங்கள் பசங்க கோயம்புத்தூர், பெங்களூரு என்று கிளம்பிவிடுகிறார்கள். அதற்குள் சபையில் வேரூன்றாவிட்டால் அப்புறம் திரும்பி வருவது கஷ்டம். பைபிளில் எண்ணாகமம் 8-இல், தேவனுடைய கூடாரத்தில் பணிவிடை செய்த லேவியருக்கே 50 வயதில் ஓய்வு. மோசேயும் தலைமையை யோசுவாவிடம் ஒப்படைத்தார். எங்கள் சபையில் டிரம்ஸ் வாசிக்கும் பையன், பெரியவர்கள் சதா குறை சொன்ன இன்னொரு சபையிலிருந்து மனம் நொந்து வந்தவன்.

ஏற்காட்டுக்காரர்:
தம்பி, அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். 50-க்குப் பிறகும் அவர்கள் சகோதரரோடு சேர்ந்து காவல் காக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆசரிப்புக் கூடாரம் என்ற அந்த வழிபாட்டுக் கூடாரத்தின் பலகையும் தூணும் சுமக்கிற பாரத்திலிருந்துதான் விடுதலை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். யோசுவாவின் காலத்துக் காலேப் 85 வயதில் "இந்த மலைநாட்டை எனக்குத் தாரும்" என்று கேட்டவன்.

இங்கே ஒரு பையன் வேலை போய் மலைக்குத் திரும்பி வந்து, யாரிடமும் பேசாமல் படுத்துவிட்டான். வாலிபர் குழு வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்பியது. எஸ்டேட் வேலையில் ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் அவனை மிளகு பறிக்கக் கூட்டிப் போனார். அவன் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி ஏறுவான். இவர் கீழே ஏணியைப் பிடித்தபடி, தான் கடனில் மூழ்கி எழுந்த கதையைச் சொல்வார். அந்த சீசன் முடிவதற்குள் பையன் பேச ஆரம்பித்துவிட்டான்.

கிச்சிப்பாளையம் தம்பி:
நானும் அதைத்தான் சொல்கிறேன் ஐயா. மேடையே இல்லாமல் ஊழியம் செய்தாரே. பொறுப்பு எதற்கு?

அஸ்தம்பட்டி அம்மா:
மேடையை யார் கேட்டது? அந்தத் தாத்தாவுக்கு அவன் வீடு தெரியும். எங்களுக்கு வாலிபர்களின் பெயர்கூடத் தெரியாது. அவர்கள் கூடுகை தனி, எங்கள் கூடுகை தனி. குடும்ப ஆராதனையிலும் முன்வரிசை அவர்களுக்கு, பின்வரிசை எங்களுக்கு. முதிர்ந்த ஸ்திரீகள் இளம் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தீத்துவுக்குப் பவுல் எழுதினார். முகம் பார்த்துப் பேசாமல் எதைக் கற்றுக்கொடுப்பது?

சூரமங்கலம் புதுப்பெண்:
அம்மா சொல்வது சரி. எங்களுக்குக் கல்யாண ஆலோசனை வகுப்பு எடுத்த அண்ணனுக்கே அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. நல்லவர்தான். ஆனால் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தபோது அந்தக் குறிப்பேட்டில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கிச்சிப்பாளையம் தம்பி:
இதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. பாட்டும் ஆராதனை முறையும் வாலிபருக்கேற்ற மாதிரிதான் இருக்க வேண்டும், அதில் நான் மாறமாட்டேன். கல்யாண வகுப்பையும் வீடு சந்திப்பையும் ஒரு பெரியவர், ஒரு வாலிபர் என்று ஜோடியாக நடத்தலாமா என்று எங்கள் பாஸ்டரிடம் கேட்கிறேன்.

ஏற்காட்டுக்காரர்:
கேளுங்கள் தம்பி. கூட வரும் பெரியவரைக் கடைசி ஜெபத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், பேசவும் விடுங்கள்.