தனியாகப் போன இடத்தில் பைக் சேற்றில் புதைந்தது. வெளியே எடுத்த பிறகு கிளட்ச் பிடிக்கவில்லை, உதவி தேவை

கேட்டவர்: அட்டன் தனிவழி

எல்லோருக்கும் வணக்கம். சென்ற சனிக்கிழமை ஒஹியவிலிருந்து சாத்தான் படிக்கட்டு என்ற மலைப்பாதை வழியாகக் களுபஹனைக்கு இறங்கினேன். தனியாகத்தான் போனேன். வண்டி சுசுக்கி ஜெபல் 200, பின் டயர் பாதி தேய்ந்தது. கீழே பம்பரகந்தை நீர்வீழ்ச்சியை அந்தப் பக்கமாக இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை. 263 மீற்றர், நாட்டிலேயே உயரமானது. ஒக்டோபர் மாதம் பகலுக்குப் பிறகு இடிமழை பிடித்துக்கொள்ளும் என்பதால் காலை எட்டு மணிக்கே ஒஹிய ஸ்டேஷனைத் தாண்டிவிட்டேன். ஆனால் முந்தைய இரவு பெய்த மழையை நான் கணக்கில் எடுக்கவில்லை.

உடவெரியப் பக்கத்துத் தேயிலை மலைகளைத் தாண்டி ஒரு வளைவு. கல் பாவிய பாதை அங்கே முடிந்து வெறும் மண். லொறித் தடம் இரண்டு பக்கமும் ஆழமாக ஓடியிருந்தது. இடது தடத்தில் இறங்கினேன். முன் டயர் ஏறிவிட்டது, பின் டயர் இறங்கிவிட்டது. முதல் கியரில் போட்டு முறுக்கினேன். முறுக்க முறுக்க அது தோண்டிக்கொண்டே போய், கடைசியில் செயின் முழுவதும் சேற்றுக்குள் மறைந்துவிட்டது. நான் இறங்கி, ஸ்டாண்ட் போடாமல் கையை எடுத்தேன். வண்டி சாயவே இல்லை, நட்டுவைத்த மாதிரி நின்றது.

அப்போதே எரிந்த வாசனை வந்தது. கிளட்ச் லீவர் தளர்ந்து, பாதிக்கு மேல் இழுத்தால்தான் வேலை செய்தது. அதனால் கைப்பிடிப் பக்கத்து அஜஸ்டரைச் சில சுற்று இறுக்கி, மறுபடியும் முயன்றேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இரண்டு அக்காமாரும் ஒரு பெரியவரும் இறங்கி வந்துதான் தூக்கினார்கள்.

களுபஹனை வரை இறக்கம், ஒன்றும் தெரியவில்லை. பெரகலையிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறும்போது மூன்றாம் கியரில் இன்ஜின் சத்தம் மட்டும் கூடுகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை. இரண்டாம் கியரிலேயே அட்டன் வரை வந்து சேர்ந்தேன். கிளட்ச் பிளேட் போய்விட்டதா? இன்னொன்று, அந்த மூன்று பேர் வந்திருக்காவிட்டால் நான் தனியாக என்ன செய்திருக்க வேண்டும்? இதைத் தெரிந்துகொள்ளாமல் மறுபடி மலையேற மனம் வரவில்லை.

பதில்: பண்டாரவளை கராஜ்

தம்பி, பிளேட் வாங்க ஓடாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே ஒரு காரணம் இருக்கிறது: அந்த இடத்தில் அஜஸ்டரை இறுக்கியது.

கிளட்ச் சூடேறினால் பிளேட்டுகள் விரியும். அடுக்கு தடிப்பாகும். அப்போது லீவரில் ஆட்டம் கூடும், நீங்கள் உணர்ந்த தளர்ச்சி அதுதான். சூட்டில் இறுக்கிவிட்டால் அந்த நேரத்துக்குச் சரியாக இருக்கும். ஆறிய பிறகு அடுக்கு பழைய அளவுக்குச் சுருங்கும், ஆட்டம் முழுவதும் போய்விடும். நீங்கள் கையால் தொடாமலே வயர் கிளட்சைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதோடு ஏற்றத்தில் ஓட்டினால் நழுவாமல் என்ன செய்யும்?

இப்போது வண்டி ஆறி இருக்கும்போது லீவர் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். கனம் தெரிவதற்கு முன் 10 முதல் 15 மி.மீ. சும்மா ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் அஜஸ்டரைத் தளர்த்துங்கள். அடுத்து, வயர் இன்ஜினில் போய் மாட்டும் சின்னக் கையைப் பாருங்கள். அங்கே சேறு காய்ந்து கல்லாகியிருந்தால் அது திரும்பி வராது. தண்ணீர் ஊற்றி ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் நழுவினால் பிளேட் தேய்ந்திருக்கிறது என்று எடுக்கலாம். ஒயிலையும் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். கருகிய நாற்றம் இருந்தால் முழுதாக மாற்றுங்கள். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, அந்த ஒயிலோடு ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். ஊற்றும்போது டப்பாவில் ஜாசோ எம்.ஏ. (பைக் ஒயிலுக்கான தரக் குறி) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நம்முடைய வண்டிகளில் கிளட்ச் ஒயிலுக்குள்தான் கிடக்கிறது. கார் ஒயில் ஊற்றிய வண்டிகள் நழுவுகிறது என்று என்னிடம் வருவது வழக்கம்.

பதில்: ஹப்புத்தளையான்

கிளட்ச் விஷயம் கராஜ் பாஸ் சொல்லிவிட்டார். தனியாக எடுப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். அந்த இறக்கத்தில் நானும் இரண்டு முறை புதைந்திருக்கிறேன்.

பின் டயர் சுற்றி, வண்டி நகராமல் இருக்கும் முதல் நொடியிலேயே அக்சலேட்டரை விட்டுவிட வேண்டும். அந்த நொடியில் பள்ளம் நான்கு விரல் ஆழம். இன்னும் பத்து நொடி முறுக்கினால் முழங்கால் ஆழம். இது மட்டும் கைக்குப் பழகிவிட்டால் பாதி வேலை மிச்சம்.

புதைந்துவிட்டது, சரி. இன்ஜினை நிறுத்துங்கள். ஹெல்மெட்டைக் கழற்றுங்கள், தண்ணீர் குடியுங்கள். பையை, சுமையை எல்லாம் இறக்குங்கள். அப்புறம் ஹாண்டிலைப் பிடித்து வண்டியை இடமும் வலமுமாக ஆட்டுங்கள். சேறு டயரைக் கவ்விப் பிடித்திருக்கிறது, ஆட்டினால் ஓரத்தில் காற்று இறங்கி ஒரு சத்தம் வரும், பிடி விடும். அதற்குப் பிறகு வண்டியை இடப்பக்கம் படுக்கப் போடுங்கள். வலப்பக்கம் சைலன்சர் சுடும், அந்தப் பக்கம் வேண்டாம். பெற்றோல் டெப் மூடும் வகையாக இருந்தால் மூடிவிடுங்கள்.

வண்டி படுத்ததும் பின் டயர் பள்ளத்தை விட்டு மேலே வந்துவிடும். இப்போது அந்தப் பள்ளத்தைக் கல்லால் நிரப்புங்கள், கல்லுக்கு மேல் கொப்பு. நிமிர்த்தினால் டயர் கல்லில் நிற்கும். நிமிர்த்துவதற்கு முன்பே பின்பக்கத்தை இழுத்து, தடத்துக்கு வெளியே திருப்பிவிட முடிந்தால் இன்னும் நல்லது. நூறு கிலோவுக்கு மேல் கனம் என்றாலும் படுத்திருக்கும் வண்டி ஈரச் சேற்றில் வழுக்கிக்கொண்டு வரும்.

ஏறி உட்காராமல் பக்கத்தில் நின்று ஸ்டார்ட் பண்ணுங்கள். முதல் கியர் வேண்டாம், இரண்டாவது. முதல் கியரில் டயருக்கு வலு அதிகம், உடனே சுற்றிவிடும். கிளட்சை மெதுவாக விட்டு வண்டியோடு நடந்து போங்கள். ஐந்து விநாடியில் நகரவில்லை என்றால் நிறுத்திவிட்டு மறுபடி கல் போடுங்கள். கிளட்ச் ஆறக் கால்மணி நேரம் கொடுக்க வேண்டும். அந்தக் கால்மணியைக் கொடுக்காமல்தான் என்னுடைய முதல் பிளேட் செட் எரிந்தது.

காற்றும் இறக்கலாம். டியூப் டயரில் 15 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போகாதீர்கள், டயர் ரிம்மில் நழுவி வால்வைப் பிய்த்துவிடும். கைப்பம்ப் இல்லாமல் காற்றை இறக்கவே கூடாது.

பதில்: ராகலை அக்கா

நானும் தனியாக ஓடுகிறவள். கல்லைத் தூக்கிப் போட எல்லோருக்கும் தோள் வலு இருக்காது, அதனால் கயிற்றைப் பற்றிச் சொல்கிறேன். பத்து மீற்றர் நல்ல கயிறு என் பையில் எப்போதும் இருக்கும். முன் ஃபோர்க்கின் அடிப்பக்கத்தில் கட்டுங்கள், ஹாண்டிலில் கட்டினால் வண்டி மூக்கைத் தரையில் குத்தும். மறுமுனையை நேரே முன்னால் இருக்கும் சவுக்கு மரத்தில் இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டு, கயிற்றின் நடுவில் நின்று பக்கவாட்டாகத் தள்ளுங்கள். நேராக இழுத்து அசையாத வண்டி இதில் ஒரு சாண் வரும். மறுபடி இறுக்கிக் கட்டு, மறுபடி தள்ளு. நேரம் எடுக்கும், ஆனால் ஒரு ஆளின் பலம் போதும். தேயிலைச் செடியில் மட்டும் கட்டாதீர்கள். அது ஒருவருடைய சோறு.

தம்பி, நீங்கள் நேரத்தோடு புறப்பட்டது நல்லதுதான். ஆனால் அந்த மலைச்சரிவில் முந்தைய இரவு பெய்த மழைதான் முக்கியம். மீரியபெத்தை மண்சரிவு 2014 ஒக்டோபர் 29. இதே மாதம், அதே ஹல்துமுல்லைப் பிரதேசம். புறப்படும் முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள், மஞ்சள் நிறம் போட்டிருந்தாலே நான் வேறு பாதை எடுப்பேன். எந்த வழியாக இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்கு வந்து சேர வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கு எழுதி அனுப்புங்கள். வளைவுக்கு வளைவு சிக்னல் போய்விடும். 1990 அம்புலன்ஸ், 117 அனர்த்த முகாமைத்துவம், இந்த இரண்டு நம்பரும் மனப்பாடமாக இருக்கட்டும்.

பதில்: கீழ்லயம்

நான் அந்தப் பக்கத்துத் தோட்டத்து ஆள். என் அம்மாவும் கொழுந்து எடுக்கிறவர். ஒரு விஷயம் கேட்க வேண்டும் தம்பி, கோபத்தில் இல்லை. உங்கள் வண்டியைத் தூக்க வந்தவர்களுக்கு அன்று கொழுந்து எடுக்கும் நேரம் எவ்வளவு போனது? கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் போடுவார்கள். கூப்பிட்டால் யாரும் வராமல் இருக்க மாட்டார்கள், அது எங்கள் பழக்கம். வந்தவர்கள் தங்கள் நஷ்டத்தை உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். அதனால் அவசரம் இல்லை என்றால் பின்னேரம் கொழுந்து நிறுக்கும் வரை காத்திருங்கள். அப்புறம் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) பொடியன்கள் பத்துப் பேர் வருவார்கள், உங்கள் பைக்கைப் பார்க்கவே வருவார்கள்.

பாதையைப் பற்றியும் சொல்கிறேன். லொறித் தடத்தில் இறங்காதீர்கள். இரண்டு தடத்துக்கும் நடுவில் புல் முளைத்த திட்டு இருக்கும், அதன் வேர் மண்ணைப் பிடித்திருக்கும், அதில் ஓட்டுங்கள். ஓரத்துக்குப் போகாதீர்கள், புல் மூடிக் கான் (தண்ணீர் ஓடும் வாய்க்கால்) தெரியாது, கானில் விழுந்தால் இன்னும் சிரமம். சேற்றுக்குப் போட மானாப்புல்லும் கவ்வாத்து மிலாறும்தான் (வெட்டிப்போட்ட தேயிலைக் கொப்பு) நல்லது. பச்சை இலை வழுக்கும். மிலாறைத் தடத்துக்குக் குறுக்காகப் போட வேண்டும், நீளவாக்கில் போட்டால் டயர் அதைப் பின்னால் எறிந்துவிடும். பாதையிலேயே மிலாறு போட்டிருந்தால் அது கொழுந்து லொறிக்காக எங்கள் ஆட்கள் போட்டது, அதன்மேல் ஓட்டுங்கள், எடுத்துவிடாதீர்கள்.

கேட்டவர்: அட்டன் தனிவழி

எல்லோருக்கும் நன்றி. பாஸ், நீங்கள் சொன்னதுதான். லீவரில் ஒரு நூல் ஆட்டம்கூட இல்லை. அஜஸ்டரைத் தளர்த்தினேன். இன்ஜின் பக்கத்துக் கையைச் சுற்றிச் சேறு செங்கல் மாதிரி இறுகியிருந்தது, கழுவ அரை மணி நேரம் ஆனது. ஒயில் கருகிய நாற்றம், மாற்றிவிட்டேன். இன்று அட்டனிலிருந்து தலவாக்கலை வரை போய் வந்தேன். மூன்றாம் கியரில் இழுக்கிறது. ஆனால் நான்காம் கியரில் ஏற்றத்தில் ஒரேயடியாக முறுக்கினால் இன்னும் கொஞ்சம் நழுவுகிறது.

கீழ்லயம் அண்ணன், நீங்கள் கேட்ட பிறகு இரண்டு நாளாக அதுவே மனதில் இருக்கிறது. வந்தவர்களில் ஒரு அக்கா கூடையை மேலே வைத்துவிட்டு வந்தார், இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக் கூடக் கழற்றவில்லை. முக்கால் மணி நேரமாவது போயிருக்கும். நான் பணம் நீட்டினேன், வாங்கவில்லை. தேநீரும் ரொட்டியும் அவர்கள்தான் எனக்குக் கொடுத்தார்கள்.

பதில்: பண்டாரவளை கராஜ்

அப்போது பிளேட்டும் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கிறது. தேய்ந்தால் அடுக்கு மெலியும், ஆட்டம் தானாகவே குறைந்துகொண்டு வரும். வாரத்துக்கு ஒரு முறை லீவரைப் பாருங்கள். பிளேட் மாற்றும்போது ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள், புதுப் பிளேட்டை ஒரு இரவு ஒயிலில் ஊறவைத்துப் போடச் சொல்லுங்கள். வண்டியைக் கழுவும்போது பிரஷர் தண்ணீரை வீல் நடுவில் அடிக்க வேண்டாம், பெயரிங்குக்குள் சேற்றைத் தள்ளிவிடும்.

பதில்: கீழ்லயம்

தம்பி, பணம் வாங்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, அன்று வாருங்கள். அவர்கள் எந்த லயம் என்று விசாரித்து வைக்கிறேன். ஒஹியப் பக்கமாக வாருங்கள், பைக்கைப் பிரட்டுக்களத்தில் (காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் இடம்) நிறுத்திவிட்டுக் கீழே நடந்து வரலாம். நேற்றிரவும் இங்கே மழைதான், அந்த வளைவில் இப்போது தண்ணீர் நிற்கிறது.