பதில்: 'ரெட்ரோநேசல்' – உண்மணம் எனலாமா?

வணக்கம். வாயிலிருக்கும் உணவின் மணம் தொண்டையின் பின்பக்கமாக மூக்கை எட்டுவதை ஆங்கிலத்தில் 'ரெட்ரோநேசல்' (retronasal) மணவுணர்வு என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த கருத்துகளுக்கு என் பதில்.

> 'பின்நாசி முகர்வு' என்றே வைத்துக்கொள்ளலாம். மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறது.

நேராக இருக்கிறதுதான் ஐயா, அதுதான் எனக்கு இடிக்கிறது. முகர்வது என்றால் மூச்சை உள்ளே இழுப்பது. இங்கே நடப்பதோ அதற்கு எதிர்மாறு: மென்று விழுங்கிய கையோடு நாம் வெளிவிடும் மூச்சு, வாயிலும் தொண்டையிலும் தங்கிய உணவின் ஆவியைப் பின்பக்கமாக மேலே ஏற்றி, மூக்கின் கூரையில் இருக்கும் மணவுணர் படலத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சாப்பிடுகிறவர் எதையும் முகரவில்லை. மூக்கு வேலை செய்வதே அவருக்குத் தெரியாது, எல்லாம் நாக்கில் நடப்பதாகத்தான் நினைப்பார்.

சந்தேகம் இருந்தால் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு ஒரு பழ மிட்டாயை வாயில் போட்டுப் பாருங்கள். இனிப்பு தெரியும், புளிப்பு தெரியும், ஆரஞ்சா எலுமிச்சையா என்று சொல்ல வராது. கையை எடுத்து மூச்சு விட்டதும் பழம் வந்து நிற்கும். சளி பிடித்தவர் 'ருசியே இல்லை' என்று புலம்புவதும் இதனால்தான், பாவம், நாக்கின் மேல் பழி. பால் ரோசின் என்ற உளவியலாளர் 1982-இலேயே மணம் ஒரு இரட்டைப் புலன் என்று எழுதினார்: வெளியே இருக்கும் பொருளைச் சொல்வது ஒன்று, வாய்க்குள் இருப்பதைச் சொல்வது இன்னொன்று. படலம் ஒன்றுதான், அதில் இருக்கும் ஏறக்குறைய 400 வகை ஏற்பிகளும் (மணப்பொருளைப் பிடித்து உணரும் புரதங்கள்) அவையேதான், காற்று வரும் திசைதான் வேறு.

ஆக, நமக்கு வேண்டியது நாசியைச் சொல்லும் சொல் அல்ல, சாப்பிடும்போது வரும் மணம் என்பதைச் சொல்லும் சொல். என் பரிந்துரை: உண்மணம்.

உண் + மணம், ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. உள் + மணம் என்று பிரித்தாலும் புணர்ச்சியில் உண்மணம்தான் (நாள் + மலர் = நாண்மலர் போல). உண்ணும்போது வரும் மணம், உள்ளிருந்து வரும் மணம், இரண்டுமே இங்கே சரி. இப்படி ஒரு சொல் தானாக அமைவது அபூர்வம், விடுவதற்கு மனம் வரவில்லை. முன்வழியாக வருவதற்கு 'முகர்மணம்' என்றால் ஜோடியும் சேர்ந்துவிடும்.

> ஏன், 'உள்மணம்' என்றே எழுதலாமே?

எழுதினால் பாதிப் பேர் 'உள்மனம்' என்று படிப்பார்கள், குரல்வழித் தட்டச்சு நிச்சயமாக அப்படித்தான் அடிக்கும். 'நுகர்மணம்' கூட யோசித்தேன், 'நுகர்' என்பதற்கு முகர்தல், துய்த்தல் இரண்டு பொருளும் உண்டு. ஆனால் நுகர்வோர் வந்த பிறகு அது கடைப்பக்கம் போய்விட்டது. குறளில் ஐம்புலன் சொல்லும்போது 'நாற்றம்' என்றுதான் வருகிறது, அழகான சொல், இன்று 'உண்ணாற்றம்' என்று எழுதினால் பல் மருத்துவரைப் பார்க்கச் சொல்வார்கள்.

> கார்ப்பையும் இதில் அடக்கலாமா?

வேண்டாம். மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் பிடிப்பது டிஆர்பிவி1 என்னும் ஏற்பியை, 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் திறப்பதும் அதே ஏற்பிதான். அதனால்தான் காரம் 'எரிகிறது'. செய்தி போவதும் முகத்தின் தொடு உணர்வைச் சுமக்கும் முக்கிளை நரம்பு வழியாக. அறுசுவையில் இடம் கொடுத்திருக்கிறோம், உடலியலில் அது சுவையும் இல்லை மணமும் இல்லை. இதற்குத் தனி இழை தொடங்கலாம்.

'மணம்' என்றால் கல்யாணம் என்று நினைப்பார்கள் என்ற பயம் எனக்கு இல்லை, நறுமணத்தை யாரும் அப்படி நினைப்பதில்லை. 'ண்ம' சொல்ல வராது என்று மட்டும் யாரும் வராதீர்கள், கண்மணி சொல்கிற வாய்தானே.